கல்லுக்கெடங்கின் படக்காரி

ஜீவராணி முதன்முதலாக என் கடைக்கு வந்தது படம் பிடிக்கவும் இல்லை, பிரிண்ட் போடவும் இல்லை. சண்டை பிடிக்க வந்தார். அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே படியேறினால் என் ஸ்டூடியோ. வாசலில் ஒரு பெரிய கலண்டர் தொங்கும். அதில் முதுகில் கூடையோடு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் ஒரு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். கடைக்கு அழகாக இருக்கட்டும் என்று மாட்டியிருந்தேன்.

"அதக் கழட்டுங்க நானா," என்றார். முஸ்லிம் கடைக்காரனை எங்கள் பக்கம் 'நானா', அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன், என்ன கொற அதுக்கு?"

"ஒரு கொறயும் இல்ல. அது நான்."

உற்றுப் பார்த்தேன். அவரேதான், கொஞ்சம் இளமையாக. ரோட்டோர மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது வான் வண்டியில் வந்து இறங்கிய யாரோ ஒருவன், சிரி என்று சைகை காட்டி எடுத்துக்கொண்டு போன படம். எதற்கு என்று சொல்லவில்லை. எடுத்த படத்தைக் காட்டவும் இல்லை. "கால்ல அட்டை கடிச்சு ரத்தம் ஓடுது, நான் சிரிக்கிறேன். இப்ப போற எடமெல்லாம் என் பல்லுதான் தொங்குது," என்றார். எனக்கு அந்த வான்காரன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. கலண்டரைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அங்கேயே நாலாகக் கிழித்தார்.

அதற்குப் பிறகுதான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சொப்பிங் பேக்கில் சுற்றிய போனை எடுத்தார். விரலை வைத்தால் அது திறக்காது. கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரலை எந்தப் போனுக்குத்தான் அடையாளம் தெரியும்? நம்பரை அமுக்கித் திறந்து என்னிடம் நீட்டினார். "இதெல்லாம் பெருசாப் போட்டுத் தரணும். ஏலுமா, ஏலாதா?"

முழுக்கத் தண்ணீர். ஒரு பாறைக் குழியில் தேங்கிய ஓடைத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்றில் மூடுபனி தண்ணீரின் மேலேயே படுத்துக் கிடந்தது. இன்னொன்றில் மழைக்குப் பிறகு மண் கரைந்து தேத்தண்ணி நிறத்தில் சுழன்றது. தவளை முட்டைகள், பாசி, கல்லிடுக்கில் கொடுக்கை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நண்டு. இருபது வருஷமாகக் கலியாண வீடுகளில் கமராவோடு அலைந்தவன் நான். அந்த நண்டைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இந்தக் கிறுக்கு எப்படித் தொடங்கியது என்று கேட்டேன். எல்லாம் தங்கையால் வந்தது. தங்கை நிஷாந்தி மஸ்கட்டில் வீட்டு வேலை செய்கிறாள். லீவு கிடைத்த ஒரு நாள் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். கடல் பின்வாங்கிய பிறகு பாறைக் குழிகளில் தங்கிவிடும் தண்ணீரையும், அதில் மாட்டிக்கொண்ட மீன்களையும் எடுத்து அனுப்பினாள். கூடவே குரல் செய்தி ஒன்று: "நம்ம தோட்டத்துல பாக்குறதுக்கு என்னாக்கா இருக்கு, தேயிலையையும் லயத்தையும் விட்டா?"

ஜீவராணிக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் குடியிருக்கும் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குக் கீழே, ஏழாம் நம்பர் மலையின் அடியில், ஓடை விழுந்து விழுந்து குடைந்த ஒரு குளம் இருக்கிறது. கல்லுக்கெடங்கு என்பார்கள். அதைப் படம் எடுத்து அனுப்பி, "இந்தா பாரு, ஒன் கடலுக்கு இது எதுல கொறச்சல்?" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்த வீம்பு இன்னும் விடவில்லை.

எடுப்பதும் லேசில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் கெடங்கில் தோட்டமே குளிக்கும், துணி துவைக்கும். தண்ணீர் கலங்கி, சவர்க்கார நுரைதான் மிதக்கும். வேலை நாளில் ஏழாம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால்தான் உண்டு. அந்த மலையை முடித்து, மற்ற மலைகளையெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேலேயே ஆகும். ஆக, தோட்டம் எந்தச் சுற்றில் ஏழாம் மலைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் ஜீவராணிக்குப் படம். தேத்தண்ணி குடிக்க விடும் நேரத்தில் மற்றவர்கள் ரொட்டியைப் பிய்க்க, இவர் சரிவில் சறுக்கி இறங்குவார்.

அந்த நண்டு வெளியே வரும்வரை காத்திருந்த நாளில் கொழுந்து எடை குறைந்துவிட்டது. அரைப் பேர்தான் போட்டார்கள், அதாவது பாதிநாள் சம்பளம். கங்காணி பொன்னையா கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லார் முன்னாலும் கத்தினாராம்: "நீ கொழுந்து புடுங்க வந்தியா, நண்டு புடிக்க வந்தியா?"

"ரெண்டுக்குந்தான் கங்காணி. கொழுந்து ஒங்களுக்கு, நண்டு எனக்கு."

முதல் பிரிண்டிலேயே ஒரு கோளாறு தெரிந்தது. எல்லாப் படத்திலும் மேல் மூலையில் பழுப்பாக ஒரு மங்கல். லென்ஸில் பனித்துளி விழும்போதெல்லாம் கறை பிடித்த கட்டைவிரலால் துடைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் அழித்துத் தருகிறேன் என்றேன். "வேணாம். நான் அங்கதான் நின்னேன். அது இருக்கட்டும்," என்றுவிட்டார். அதற்கு மேல் அவரோடு வாதாட என்னால் முடியாது.

பிறகு நான் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் படக் கண்காட்சி நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஜீவராணியிடம் கேட்டுக்கொண்டு மூன்று படங்களை அனுப்பினேன். மூன்றையுமே எடுத்துக்கொண்டார்கள். கண்காட்சியை நடத்தும் யோகேஸ்வரன், வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சந்தோஷத்தில் என் கடைக்கே வந்துவிட்டார். ஜீவராணியையும் வரச் சொல்லியிருந்தேன். பிளேன்டி குடித்துக்கொண்டே யோகேஸ்வரன் விஷயத்துக்கு வந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி. தொறப்பு விழாவுக்கு வெளிநாட்டு ஆளுங்க நெறைய வருவாங்க. ஒரு தோட்டத்துப் பொம்பளதான் இத எடுத்திருக்குன்னு பாத்த ஒடனே தெரியணும். சிவப்புச் சேல, கொழுந்துக் கூட எல்லாம் நாங்களே வாங்கி வைக்கிறோம். கட்டிக்கிட்டு வாசல்ல சிரிச்சிக்கிட்டு நின்னாப் போதும்."

"மத்த படம் எடுத்தவங்க எல்லாம் என்னத்தக் கட்டிக்கிட்டு நிப்பாங்க?"

"அவங்க சும்மா வருவாங்க."

"ஒங்க படமும் இருக்குங்களா சார்?"

"இருக்கு, ரெண்டு."

"அப்ப நீங்க வாசல்ல காசு எண்ணிக்கிட்டு நிக்கணுமே."

எனக்குச் சிரிப்பு புரையேறியது. யோகேஸ்வரனும் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எரிச்சல். ஹோட்டல்காரர்கள் மண்டபம் கொடுத்ததே இதற்காகத்தான் என்றார். கூடை இல்லையென்றால் படங்களை மாட்டுவதே கஷ்டம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

"போகாதீங்க," என்றேன் நான்.

ஜீவராணி குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "எனக்கு ரொம்ப ஆச நானா," என்றார் பிறகு. "என் படம் ஒரு செவுத்துல தொங்கணும். முன்னப் பின்னத் தெரியாத ஆளு வந்து நின்னு பாக்கணும். வர்றேன்னு சொல்லிருங்க. கூடயும் வாங்கி வைக்கட்டும்."

எனக்கு ஆத்திரம். கலண்டரைக் கிழித்த கை இப்படி இறங்கிப் போகலாமா? விழா நாளில் அட்டனிலிருந்து, நுவரெலியாவுக்கு இறங்கும் நானுஓயா ஸ்டேஷன் வரை ரயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

மண்டபத்தில் மூன்று படங்களும் நல்ல வெளிச்சத்தில் தொங்கின. ஜீவராணி அவற்றின் முன்னால் போய் நின்றார். கண் கலங்கியது, துடைக்கவில்லை. பிறகு கீழே ஒட்டியிருந்த அட்டையை என்னை வாசிக்கச் சொன்னார். 'தோட்டத் தொழிலாளி ஒருவரின் பார்வை' என்று வாசித்தேன். பக்கத்தில் இருந்த படங்களுக்கெல்லாம் எடுத்தவரின் பெயர் போட்டிருந்தார்கள்.

அதற்குள் யோகேஸ்வரன் சேலையும் கூடையுமாக வந்துவிட்டார். வார்னிஷ் பூசிய பளபளக்கும் கூடை. ஜீவராணி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சாமான் தூக்குறதுக்குத்தானே சார்?"

"ஆமா, ஆமா."

கூடையைத் தரையில் வைத்தார். சுவரிலிருந்து இரண்டு படங்களைக் கழற்றிக் கூடைக்குள் இறக்கினார். பெரியதை, மூடுபனி படுத்துக் கிடக்கும் படத்தை, கூடைக்கு வெளியே முகம் தெரியும்படி வைத்து, அந்தப் புதுச் சிவப்புச் சேலையால் சுற்றி இறுக்கிக் கட்டினார். கை தானாக நடந்தது. என்ன நடக்கிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் முடிச்சுக்கு விரல் கொடுத்தேன்.

"தங்கச்சி, என்னா இது? விருந்தாளிங்க வந்துட்டாங்க," என்று பதறினார் யோகேஸ்வரன்.

"கூட கட்டச் சொன்னீங்க, கட்டிட்டேன். படம் என்னது, நான் கொண்டு போறேன். ஒங்க சேலயும் கூடயும் நாளைக்கு நானா கடையில இருக்கும், எடுத்துக்கங்க."

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி எழுந்தார். வாசலில் கூட்டம். கூடையும் கயிறுமாக ஒரு பெண் வருவதைக் கண்டதும் எல்லார் கையிலும் போன் உயர்ந்தது. ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டு நேரே அவர்களைத் தாண்டிப் போனார். "ஸ்மைல், ஸ்மைல்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். திரும்பவே இல்லை. எடுத்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது முதுகுதான், முதுகு முழுக்கக் கல்லுக்கெடங்கு. நான் பின்னாலேயே நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு பெருமை எனக்கு என் பிள்ளைகளாலும் வந்ததில்லை.

நானுஓயா ஸ்டேஷனில் ரயில் தாமதம். கூடையை பெஞ்சில் இறக்கி வைத்தோம். பயணப் பைகளோடு நின்றவர்கள் ஒருவர் இருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிங்களக் கிழவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். வடை விற்கும் அம்மா தட்டைத் தலையிலிருந்து இறக்காமலே கிட்ட வந்து நின்றார்.

"இது எந்த ஊருத் தண்ணி? வெளிநாடா?"

"இல்லங்க, எங்க தோட்டம். ஏழாம் நம்பர் மலைக்கு அடியில."

அந்த அம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஆத்தாடி! யாரு புடிச்சது?"

"நான்," என்றார் ஜீவராணி.