துப்பறிபவர் வரும் பக்கம்

பீளமேட்டில் நான் வாடகைக்குப் புத்தகம் விட்டுக்கொண்டிருந்த காலத்தில், மில்லில் நூல் சுற்றும் பெண் ஒருவர் சனிக்கிழமைதோறும் கடைக்கு வருவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். படித்த புத்தகத்தை நாலு வார்த்தை திட்டாமல் திருப்பித் தரமாட்டார்.

"காதல் கதை இனி வேண்டாமுங்க. பொண்ணு அழுதா அவன் கண்ணைத் தொடைச்சு உடறானாம். எந்த ஊருல நடக்குதுங்க?"

துப்பறியும் நாவல் என்றால் மட்டும் விடமாட்டார். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தின் மூலை மடிந்தே வரும். கொலை நடந்த வீட்டுக்குள் துப்பறிபவர் முதன்முதலாகக் கால் வைக்கும் பக்கம் அது.

ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன் அம்மணி, புதுப் புத்தகத்தைப் போயி மடிச்சுப்போட்டீங்களே?"

"இந்தாளு வாரதுக்குள்ள பாதிப் புத்தகம் ஓடிப்போச்சுங்க. அதுவரைக்கும் பொணத்தை வெச்சிருப்பாங்களா? சுத்தப் பொய்யிங்க. எங்கக்கா காலையில கெணத்துல கெடந்தா. மத்தியானத்துக்குள்ள அவ புருஷன் ஊட்டுக்காரங்க எரிச்சுப்போட்டாங்க. நாங்க போய்ச் சேர்றப்ப வாசலைக் கழுவி உட்டுட்டு இருந்தாங்க. ஏன் செத்தான்னு கேக்க ஒருத்தரும் வரலீங்க."

அவர் அலமாரியிலிருந்து இன்னொரு நாவலை எடுத்தார்.

"இதுலயாச்சும் ஆளு வெரசா வந்துருவானுங்களா?"

அதன் பிறகு கடைக்கு வந்த துப்பறியும் நாவல்களை எல்லாம் நானே முதலில் புரட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை.