கறுப்புச் சாயம் ஏற்றிய வாஷர்

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த அண்ணனுக்கு நான்தான் அந்த மீன்பிடி ரீலை வாங்கிக் கொடுத்தேன். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். பெட்டிமேல் கடைக்காரரே அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கர்: 'கார்பன் டிராக்'.

"குமிழ இறுக்கியே வச்சுக்கலாம்க்கா, கார்பனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அதை அப்படியே அண்ணனிடம் ஒப்பித்தேன்; அவனும் வாரக்கணக்கில் இறுக்கியே வைத்திருந்தான். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இராஜபாளையத்தில் பதினான்கு வருஷமாக பைக் உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். கிளட்ச் பிளேட் தெரிந்தவர்களுக்கு டிராக் புரியும். இரும்புத் தகடும் வாஷரும் மாறி மாறி அடுக்கியிருக்கும். மேலே இருக்கும் குமிழைத் திருகினால் அவை ஒன்றையொன்று அழுத்தும். பெரிய மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது நூல் அறுந்துவிடாமல், பிடித்துப் பிடித்து விட்டுக்கொடுப்பது அந்த அடுக்குதான். வாஷர் எதனால் செய்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் பட்டாளத்தில் அண்ணனோடு வேலை பார்த்தவர். அவர் அனுமதியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டில் போட்டோம். பெரிய கட்லா மீன் ஒன்று மாட்டியது. இழுத்தது. ரீல் அசையவில்லை. கம்பு வில்லாக வளைந்தது. அண்ணன் குமிழைத் தளர்த்தினான்; அப்போதும் நூல் வரவில்லை. இடது கையால் நூலைப் பிடித்து உருவிவிடப் பார்த்தான். அதே நேரம் டிராக் சட்டென்று விட, மீன் பாய்ந்தது. பின்னல் நூல் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு அறுத்தது. சேலைத் தலைப்பால் விரலைச் சுற்றி, என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரலை மடக்கும் தசைநார் பாதி அறுந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

மறுநாள் என் கடையில் வைத்து ரீலைப் பிரித்தேன். உள்ளே மூன்று கறுப்பு வாஷர்கள். ஒன்று தகட்டோடு ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டினேன், பஞ்சு வந்தது. கார்பன் நாரில் பஞ்சு வராது. பிய்ந்த துணுக்கைத் தீக்குச்சியில் காட்டினேன். தலைமுடி பொசுங்கும் நாற்றம்.

ஃபெல்ட். அழுத்திய கம்பளி. சாயம் ஏற்றிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள்.

ஃபெல்ட்டைக் குறை சொல்லவில்லை. எண்ணெய் குடித்த ஃபெல்ட் சின்ன மீனுக்கு வழுவழுவென்று நூல் விடும். ஆனால் எண்ணெய் காய்ந்தால், வாரக்கணக்கில் இறுக்கியபடி வைத்தால், நசுங்கி ஒட்டிக்கொள்ளும். டெஃப்லான் வாஷர் ஒட்டாது, ஆனால் வழுக்கும், பெரிய மீனை அடக்கப் பிடிமானம் போதாது. கார்பன்தான் சூடு தாங்கும், முதல் இழுப்புக்கும் பத்தாவது இழுப்புக்கும் ஒரே மாதிரி விடும். ஃபெல்ட் என்று சொல்லி விற்றிருந்தால், ஒவ்வொரு முறையும் தளர்த்தி வை, எண்ணெய் விடு என்று அண்ணனிடம் சொல்லியிருப்பேன். விரல் தப்பியிருக்கும்.

வாஷரோடு, ரீல் வாங்கிய கடைக்குப் போனேன்.

"இது என்ன?"

"கார்பன்தான்க்கா. கறுப்பா இருக்குல்ல."

சாமி படத்துக்கு முன்னால் இருந்த தீப்பெட்டியை எடுத்து, அவர் மூக்குக்கு நேராகவே ஒரு துணுக்கைப் பொசுக்கினேன். தூண்டில் முள் வாங்க வந்திருந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"கம்பெனிக்காரன் சொன்னதத்தான நாங்க சொல்றோம்" என்றார் கடைக்காரர். "வேணும்னா வேற ரீல் தாரேன்."

"ரீல் வேண்டாம். எல்லாப் பெட்டியிலயும் ஸ்டிக்கரக் கிழிங்க."

"பொறவு கிழிக்கேன்க்கா, நீங்க போங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முள் வாங்க வந்தவர் வாங்காமலே போனார். அதைப் பார்த்ததும் கடைக்காரர் அலமாரியிலிருந்து பெட்டிகளை இறக்கி பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார். ஒன்பது பெட்டி. கடைசிப் பெட்டி வரை நான் எழுந்திருக்கவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"ஏட்டி, அவனுக்கு என்ன தெரியும் பாவம். எம்புட்டுப் பேரு முன்னாடி அசிங்கப்படுத்தின?"

"தெரியாதவன் எதுக்கு ஒட்டுனான்?"

மறுபடியும் சிரித்தான். எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிற அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது. விரல் அவனுடையது, மன்னிக்க அவனுக்கு உரிமை உண்டு. எனக்கு மனசு வரவில்லை.

அசல் கார்பன் வாஷர்களைத் தபாலில் வரவழைத்து, மெல்லிசாக டிராக் கிரீஸ் தடவி நானே போட்டேன். கட்டுப் பிரித்த பிறகு அண்ணன் கண்மாய்க்குப் போய் அங்கிருந்தே போன் செய்தான்.

"நூலு என்னமா விடுது தெரியுமாட்டி."

"விரல் மடங்குதா?"

"பாதி மடங்குது."

"டாக்டர் சொன்ன பயிற்சியச் செய்யுதியா?"

"மீன் இழுக்கு, வைக்கேன்" என்று போனை வைத்துவிட்டான்.