அக்கா நிறைத்த வயிறு

தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது இத்தனை பெரிய வேலை என்று இதுவரை எனக்குத் தெரியாது. இருமல் மருந்தோடு ஒரு பிளாஸ்டிக் மூடி வருமே, அதில் தண்ணீரை ஊற்றி வைத்துக்கொண்டு மும்பையில் எங்கள் செம்பூர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாய் நனைத்துவிட்டுக் கீழே வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு வாய். ஒரு மூடி தீர்வதற்குள் கீழே ஆட்டோக்காரர்கள் சண்டை போட்டு, சமாதானமாகி, ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துச் சவாரிக்கும் போய்விடுகிறார்கள். நின்றுகொண்டே தின்று ஓடிக்கொண்டே குடிக்கிற இந்த ஊரில் என்னை மட்டும் இப்படி உட்கார்த்தி வைத்துவிட்டார்களே என்று பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். உடம்பைக் குறைப்பதற்காக ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழ அளவில் ஒரு குழாயாக விட்டு வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். சர்க்கரை, முட்டி வலி எல்லாம் இருந்தது. தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருகிறது என்று என் மனைவி ராணி வருடக்கணக்காகப் பக்கத்தில் விழித்துக் கிடந்தாள். லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொள்வது மும்பைக்காரனின் பிறப்புரிமை. என்னைக் கண்டதும் அந்த மூன்று பேரும் காலை அகட்டி வைத்துக்கொள்வார்கள். இனிமேல் தாங்காது என்று டாக்டரும் ராணியும் சேர்ந்து சொன்ன பிறகுதான் சம்மதித்தேன்.

சம்மதித்தது வேறு, அனுபவிப்பது வேறு. அறுத்தது வயிற்றை, வலிக்கிறது இடது தோள்பட்டையில். ஆபரேஷனுக்காக உள்ளே அடைத்த காற்று அங்கே ஏறி நிற்கிறதாம். தும்மினால் தையல் விட்டுவிடுமோ, புரண்டு படுத்தால் பிய்ந்துவிடுமோ, நெஞ்சு இப்படி அடித்துக்கொள்வது பயத்திலா அல்லது உள்ளே ஏதும் கசிகிறதா என்று ஓயாத யோசனை. எடை மெஷினில் ஏறி நின்றால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இருந்ததைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது. டிரிப்ஸ் நீர் வடியும்வரை அப்படித்தான் என்றார்கள். இதெல்லாம் சகஜம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். சகஜம் என்ற சொல்லைப் போல எரிச்சல் மூட்டுகிற சொல் தமிழில் வேறில்லை.

இத்தனை கலவரத்துக்கு நடுவே அக்கா வந்து இறங்கினாள். பேச்சியக்கா. வள்ளியூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து ஆபரேஷன் என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட்டாள். குடலிறக்கம் என்று அவளிடம் பொய் சொல்லியிருந்தேன். ராணிக்கு அதில் இஷ்டமே இல்லை. "மதினிகிட்ட எதுக்கு ஜூட் சொல்றீங்க? நேரா சொல்லிருங்க" என்றாள். அவள் தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள், பொய்யை ஹிந்தியில் ஜூட் என்றுதான் சொல்வாள். நேராகச் சொல்வது அவளுக்குச் சுலபம். எனக்கு முடியவில்லை.

பதினாறு வயதில் நான் பம்பாய்க்கு வந்தபோது இந்த அக்காவின் வீட்டில்தான் தங்கினேன். தாராவியில் ஒற்றை அறை. அத்தானும் அவளும் விடியுமுன் எழுந்து இட்லி அவிப்பார்கள். ஆட்கள் அதைச் சைக்கிளில் வைத்து ஊரெல்லாம் கொண்டுபோய் விற்பார்கள். எண்ணிக் கொடுக்கிற பண்டம் என்பதால் வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. உடைந்த இட்லி மட்டும் விற்காது, அது எனக்கு. தினமும் நாலைந்து உடைந்தது. அக்கா கை தவறுகிறவள் அல்ல. தட்டிலிருந்து எடுக்கும்போது கரண்டியின் முனையால் ஒரு நெம்பு நெம்புவாள், அவ்வளவுதான். அத்தான் முறைப்பார். "சூட்டுல உடையத்தான செய்யும்" என்பாள் இவள். ஊரிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவன் ஒரு வருடத்தில் கன்னத்தில் சதை வைத்துவிட்டேன். அக்கா பின்னால் ஊருக்கே திரும்பிவிட்டாள். இப்போதும் கல்யாண வீடுகளில் என் முதுகைத் தட்டி, "எங்கையால வளந்த ஒடம்பாக்கும்" என்று சொல்லிக் காட்டுவாள். அந்த உடம்பு வேண்டாமென்று வெட்டிப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் பிள்ளை பெற்றவளுக்குப் பார்க்கிற வைத்தியம் ஒன்றுதான். ஃபேனை அணைத்தாள். காதில் பஞ்சு வைத்தாள். பழைய நூல் சேலையைக் கிழித்து என் வயிற்றை இறுக்கிக் கட்ட வந்தாள். ராணி பாய்ந்து பிடுங்கினாள். மணிக்கு ஒருதரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் ரத்தம் கட்டிவிடும் என்பது டாக்டர் உத்தரவு. நான் வராந்தாவில் கூண்டுப் புலி மாதிரி போவதும் வருவதுமாக இருப்பேன். பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, நாங்கள் காகூ என்று கூப்பிடுகிறவர், கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "சாலூ நகா, ஆராம் கரா" என்று அதட்டுவார். நடக்காதே, படு என்கிறார். தாராவியில் தமிழாட்களுக்குள்ளேயே இருந்துவிட்டுப் போன அக்காவுக்கு மராத்தி ஒரு சொல் தெரியாது. ஆனாலும், "அந்த அம்மா சொல்லுதது சரிதாம்லே" என்று என் கையைப் பிடித்து இழுத்துவிடுவாள். காகூ கோந்து லட்டு கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் வழக்கத்தில் அதுவும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதாம். இரண்டு பெண்களும் லட்டை நடுவில் வைத்துக்கொண்டு தலையாட்டிப் பேசிக்கொண்டார்கள். நான் என்னத்தைப் பெற்றேன் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ராணி வேலைக்குப் போன ஒரு மத்தியானம் அக்கா ஆட்டுக்கால் சூப்பு வைத்தாள். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, மேலே நெய் மிதக்க, பெரிய டம்ளர் நிறைய. "எய்யா, அவா ஒன்னையப் பட்டினி போட்டே கொன்னுருவா. ரெண்டு மடக்கு குடி. அக்கா கேக்கேம்லா" என்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன், வாங்கிக் குடித்துவிட்டேன். வழக்கமான மடக்கு, ஊர் மடக்கு. அது நெஞ்சுக்குள் இறங்கவே இல்லை. கல்லை முழுங்கியது போல நடுவில் நின்றது. வேர்த்துக் கொட்டியது. வாயெல்லாம் எச்சில் ஊறி நுரை நுரையாக வாந்தி. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. தையல் போய்விட்டது, செத்தேன் என்றே நினைத்தேன். அக்கா முதுகைத் தடவிக்கொண்டே காகூவைக் கத்திக் கூப்பிட்டாள். காகூதான் ஆட்டோ பிடித்து எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தையலுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவுக்கு அந்த ஹிந்தி போதவில்லை. அங்கிருந்த மலையாளி நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, ஒரு டம்ளர் சூப்பு தாங்காத அளவுக்கு இவனுக்கு என்ன சீக்கு?"

நர்ஸ் எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு அவளைக் கடிந்தார். "சேச்சி, ஒடம்புத் தடி கொறைய இவரே கேட்டுச் செய்த ஆபரேஷனல்லே? வயிறு முக்காலும் எடுத்தாச்சு. சூப்பு எங்கே போகும்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குவதாக நினைத்துக்கொள்ளட்டும் என்ற கோழைத்தனம்தான். ஆபீசிலிருந்து அடித்துப் பிடித்து வந்த ராணியிடமும் அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியைக் கழுவித் துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. இரவெல்லாம் நான் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, அவள் புரண்டு படுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் ஜன்னலோரம் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எடுத்தத என்னலே செஞ்சாங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ஒன் வயித்தத்தான். வெட்டி எடுத்தாங்கள்லா. அத என்ன செஞ்சாங்க?"

"எரிச்சிருப்பாங்கக்கா. ஆஸ்பத்திரிக் கழிவ எல்லாம் எரிக்கதுக்குன்னு தனியா எடம் இருக்கு."

"கழிவா?" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தையல் இழுக்குமோ என்று அதற்கும் பயமாக இருந்தது. "ஒங்கிட்டச் சொல்லத் தைரியம் வரலக்கா. மூச்சு நின்னு செத்துருவேன்னு பயந்துதான் செஞ்சேன்" என்றேன்.

"உசிரு பெருசுதாம்லே. நான் இல்லன்னா சொல்லுதேன்?" மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் எரிச்சிருப்பாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்கு வெளியே, கட்டடங்களுக்கு மேலே புகையாகத் தெரிந்த ஒரு பக்கத்தைக் காட்டினேன். அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தாள். வயதானதும் ஊருக்கு வந்து தன் வீட்டுப் பக்கத்தில் ஒரு வீடு கட்டிக்கொள் என்று வருடந்தோறும் சொல்கிறவள். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று நானும் சொல்லிக்கொண்டு வருகிறவன்.

"அப்ப இனிமே ஒன்னைய முழுசா ஊருக்குக் கூட்டிட்டுப் போவ முடியாதுல்லா" என்றாள்.

என் கை, எதுவென்றே தெரியாத அந்தத் திசையில், நீட்டியபடியே இருந்தது.