துண்டைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள்

ஊர்க்கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது ஒரு வேலையா என்று கேட்பவர்கள் இரண்டு தெருக்காரர்களுக்கு நடுவே ஒருமுறை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கட்டும். உட்கார்ந்து பார்த்த பாவிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரங்கூனில் குமாஸ்தாவாக இருந்துவிட்டுக் கடலாடிப் பக்கம் ஊர் திரும்பிய எனக்கு, இங்கிலீஷும் தமிழும் தெரியும் என்ற குற்றத்துக்காக இந்த வேலை வாய்த்தது. விவகாரம் இதுதான்: ராமநாதபுரம் பஸ் எங்கள் ஊர் வழியாக வரப்போகிறது, ஒரே இடத்தில்தான் நிற்கும். வடக்குத்தெருவா, தெற்குத்தெருவா? இரு தெருவும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடாவிட்டால் பஸ் வேறு ஊருக்குப் போய்விடும்.

வெறுந்தோள்

எங்கள் ஊரில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டால், கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று பொருள். பின்னாலேயே தெரு முழுக்க எழுந்துவிடும். முதல் இரண்டு கூட்டங்களும் அப்படித்தான் கலைந்தன. மூன்றாவதில் எல்லாருடைய துண்டையும் வாசலிலேயே வாங்கி என் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பேச்சு சூடானதும் வடக்குத்தெருவின் பெரிய சம்சாரி, நிலபுலக்காரர் முத்திருளன் விருட்டென்று எழுந்தார், தோளைத் தடவினார், உட்கார்ந்துவிட்டார்.

"வெறுந்தோளோட எப்படிய்யா கோவிச்சுக்கிட்டுப் போறது?"

தலையாட்டு

அடுத்து ஒரு விதி போட்டேன். எதிராளி சொன்னதை, அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் பேசலாம். "பஸ் வடக்கேயிருந்து வருது. வாரவனை வாசல்ல நிறுத்தாம கொல்லையிலயா நிறுத்துவீக?" என்றார் முத்திருளன். தெற்குத்தெருக் கருப்பையா அதை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தார். முத்திருளன் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

"சரியாச் சொன்னாரா?" என்றேன்.

"சரிதான்."

"அப்பத் தலையாட்டுங்க."

"ஆட்டினா அவன் பக்கம் சாஞ்சதா ஆயிரும்ல?"

கருப்பையா விடவில்லை. மறுபடி சொன்னார், அதற்கப்புறமும் சொன்னார், ஒவ்வொரு தடவையும் கூடுதல் உருக்கத்தோடு. தெற்குத்தெரு வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது:

"ஏலே கருப்பையா, நீ யாருக்குலே பேச வந்த?"

ராக்கு

கூலி வேலை பார்க்கும் ராக்கு ஓரமாக நின்றிருந்தாள். அவள் மகள் எட்டாவது தேறிவிட்டாள். மேற்கொண்டு படிக்க ராமநாதபுரம்தான் போகவேண்டும். பஸ் இல்லாவிட்டால் களையெடுக்கத்தான் போகவேண்டும். ஒரு வார்த்தை சொல்ல அவள் முன்னே வந்தாள்.

"பொம்பளைக்கு இங்கன என்ன பேச்சு?" என்றார் முத்திருளன்.

"விதிப்படிதான் பேசுறேன் அய்யா. நீங்க பஸ்ஸு உங்க வாசல்ல நிக்கணும்கிறீக. கருப்பையா அண்ணன் அவுக வாசல்லங்கிறாக. சரியா?"

இருவரும் தம்மை மறந்து தலையாட்டிவிட்டார்கள்.

"அப்ப நடுப்பொட்டல்ல நிறுத்துங்க. அங்கன யாரு வாசலும் இல்ல. எம்மக எங்க நின்னாலும் ஏறிக்கிருவா."

முத்திருளன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நம்ம வாசல்ல நிக்காட்டிப் போகுது, அவன் வாசல்லயும் நிக்கல பாரு!" என்றார் தம் தெருக்காரர்களிடம். கருப்பையாவும் தம் தெருவுக்கு அதையே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ராக்கு மகள் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். பொட்டலில் நிழல் இல்லை என்று இரு தெருவும் இப்போது ஒரே குரலில், வார்த்தைக்கு வார்த்தை 'அய்யா' போட்டு, மிக மரியாதையாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கின்றன.