மஞ்சள் மேட்டுக்கு ஒரு டயர்

“வாங்க வாங்க, பாரான் துலு!” என்று மீரி நகரத்து டயர்க்கடை முதலாளி, தௌக்கே கியோங் உள்ளேயிருந்தே கூவினார்.

ரிபு திரும்பிப் பார்க்கவில்லை. காது நன்றாகத்தான் கேட்கும். அந்தப் பெயர் அவனுடையது இல்லை, அவ்வளவுதான்.

ரிபுவின் இனத்தார், மலைநாட்டுக் கெலாபிட் ஆட்கள், முதல் பேரப்பிள்ளை பிறந்ததும் பழைய பெயரை விட்டுவிடுவார்கள். பன்றி அடித்து, ஊரைக் கூட்டி, இலையில் பொதிந்த சோறு போட்டு, தாத்தாவின் புதுப் பெயரைச் சபையில் சொல்லுவார்கள். பிள்ளையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இதெல்லாம். ரிபு அவசரப்பட்டுவிட்டான். போன தடவை மகள் சுப்பாங் முழுகாமல் இருந்தபோதே, தான் தேர்ந்து வைத்த பாரான் துலு என்ற பெயரை, தன் ஊரான பாரியோவிலிருந்து மீரி வரைக்கும் வண்டியில் ஏறின ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். பங்காளி ஆகான் அதற்கும் மேலே போய், ரிபுவின் பஜேரோ ஜீப்புக்குப் பின்னால் தொங்கும் மாற்றுச் சக்கரத்தின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் அதைப் பெரிதாக எழுதியே விட்டான்.

அப்போதும் இதே கடையில்தான் டயர் மாற்றினான். பிள்ளைத்தாச்சி குலுங்கக் கூடாது என்று, வரிப்பள்ளம் ஆழமில்லாத, தார் ரோட்டுக்கான மெத்து டயர். நல்ல காரியம் செய்தாய் என்றது ஊர். வண்டி கட்டில் மாதிரிப் போனது. பிறகு ஒருநாள் வலி முன்கூட்டியே வந்தது. மலையில் மேகம் இறங்கி விமானம் வரவில்லை. மரக்கம்பெனிக்காரர்கள் வெட்டிய மண்பாதையில் மஞ்சள் மேடு என்று ஒன்று இருக்கிறது. மழை விழுந்தால் சோப்புக்கட்டிதான். டயரில் களிமண் அப்பி மொழுக்கென்று ஆகி, வண்டி பின்னால் வழுக்கிக் கால்வாயில் இறங்கிவிட்டது. வந்த மரலாரிக்காரன் கயிறு போட்டு இழுத்தான். வேறு இடம் தெரியாமல் பம்பரில் கட்டியிருந்தார்கள். பம்பர் மட்டும் லாரியோடு போனது. அடுத்த லாரி வருவதற்குள் பின்சீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது. அழவில்லை.

ஊர் திரும்பியதும் ரிபு சக்கர மூடியில் இருந்த எழுத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்தான். மறுநாளிலிருந்து எல்லோரும் அவனை ரிபு என்றே கூப்பிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. அடுத்த வாரமே வண்டியை எடுத்துவிட்டான். காலையில் வாத்தியார்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவான். அரிசி மூட்டை ஏற்றுவான், கேஸ் சிலிண்டர் ஏற்றுவான். பெண்டாட்டி சோறு போட்டால் தின்பான். உப்பு மறந்திருந்தாலும் தின்பான். பழைய டயரே தேயத் தேய ஓடியது. மாற்ற வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

இப்போது சுப்பாங் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மருமகன் கடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறான்; நினைத்த நேரத்தில் வர முடியாது. எட்டாம் மாதம் பிறந்ததும் மீரியில் சித்தி வீட்டுக்கு இறங்கிவிட வேண்டும் என்று கிளினிக் நர்ஸ் சொல்லிவிட்டாள்.

“நான் பிளேன்ல போயிக்கிறேன்ப்பா” என்றாள் சுப்பாங்.

மழைக்காலத்தில் விமானத்தை நம்ப முடியாது. விமானம் வராவிட்டால் அவள் அந்த வண்டியில் ஏறுவாளா, ஏறினால் வண்டி மேட்டில் ஏறுமா. இதற்காகத்தான் ரிபு ஆகானையும் கூட்டிக்கொண்டு கடையில் வந்து நின்றான்.

கியோங் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “என்னங்க, பேரன் ஓடுறானா?”

“இல்ல.”

“இன்னுமா தவழ்றான்?”

ஆகான் அவருடைய முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய் ஏதோ சொன்னான். ரிபு டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். தௌக்கே திரும்பி வர நேரமானது.

“ரிபு” என்றார். “டயர் பாப்போமா?”

“பாப்போம்.”

“அதோ அத மாட்டு பங்காளி!” என்று ஆகான் மேல்தட்டைக் காட்டினான். “யானைக்கால் மாதிரி இருக்கு பாரு. மேல வரிசையா லைட்டு. மழையே உன்னப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிரும்.”

“அத மாட்டினா வண்டியத் தூக்கணும், கியர மாத்தணும். வளைவுல உள்ள உரசும். ஏத்தத்துல இஞ்சின் செத்துரும். உனக்கு வேணும்னா தலையில மாட்டிக்க.”

“அப்ப சுத்தமான சேத்து டயர் தரட்டா?” என்றார் கியோங். “பல்லு பல்லா இருக்கும். மண்ண உதறிக்கிட்டே ஏறும்.”

“தினம் ஓட்டுற வண்டி தௌக்கே. லோங் லாமாலேருந்து இங்க வரைக்கும் தாரு. ஈரத் தார்ல அது பிடிக்காது, இரைச்சல் வேற. ரெண்டுக்கும் நடுவுல உள்ளதக் குடுங்க. பக்கச்சுவர் தடியா இருக்கட்டும். இப்ப இருக்கிறதவிட ஒரு அளவு உசரம், அதுக்கு மேல வேணாம்.”

“பின்னால ஸ்பிரிங்?”

“மாத்துங்க. ரெண்டு விரல் தூக்கினா போதும். மூட்டை ஏத்துறேன்னு கல்லு மாதிரி போட்டுராதீங்க. ஆளு உக்காந்து போகணும்.”

“வண்டி தன்னத்தானே இழுத்துக்க வின்ச் ஒண்ணு?”

“கம்பிய எதுல கட்ட? அந்த மேட்டுல மரம் எல்லாத்தையும் வெட்டிட்டான். லாரிதான் வந்து இழுக்கணும். கொக்கி போடுங்க. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. அடிச்சட்டத்துல போல்ட்டு போட்டு. பம்பர்ல இல்ல.”

“பம்பர்ல இல்ல” என்று தௌக்கே மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

காற்றடிக்கும் சின்ன பம்பு ஒன்றும் வாங்கினான். அவ்வளவுதான். ஆகானுக்குத்தான் மனசு ஆறவில்லை. “மூடி மொட்டையா இருக்கே, ஒரு பூவாவது வரையட்டா?”

“பெயிண்ட் டப்பாவத் தொட்டேன்னா கை இருக்காது.”

ஆகான் சிரித்தான். ரிபு சிரிக்கவில்லை. சக்கர நட்டுகளைக் கியோங் தன் கையாலேயே முறுக்கினார். அந்த வேலைக்குக் கடையில் ஆள் இருக்கிறது. “கொஞ்சம் ஓடினதும் தளரும். அடுத்த தடவை வரும்போது ஒரு சுத்து பாத்துக்கலாம்” என்றார்.

வீட்டில் சுப்பாங் வண்டியைச் சுற்றி வந்தாள். செருப்புக் காலால் டயரை மிதித்துப் பார்த்தாள். கொக்கியில் விரலை விட்டு இழுத்துப் பார்த்தாள். “பிளேன் வராட்டி பாக்கலாம்” என்று உள்ளே போய்விட்டாள்.

விமானம் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் மேகம். மூன்றாம் நாள் விடிந்ததும் சுப்பாங் தன் துணிப்பையைக் கொண்டுவந்து வண்டியில் போட்டாள். பின்கதவைத் திறந்தாள், சீட்டைப் பார்த்தாள், மூடினாள். முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“போலாம்ப்பா.”

மஞ்சள் மேட்டடிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ரிபு இறங்கி ஒவ்வொரு டயரிலும் காற்றைக் குறைத்தான்.

“பஞ்சரா?”

“இல்ல. நாந்தான் எறக்குறேன். டயர் கொஞ்சம் படுத்தாத்தான் மண்ணப் பிடிக்கும். உனக்கும் குலுங்காது.”

“அன்னைக்கும் எறக்குனீங்க.”

“எறக்கினேன். அந்த டயருக்குப் பல்லு இல்ல.”

அவன் கியரைக் கீழே போட்டு, நிற்காமல், அவசரப்படாமல் ஏற்றினான். பாதி மேட்டில் பின்பக்கம் ஒரு தடவை விலகியது. அன்று வழுக்கிய அதே இடம். சுப்பாங் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தாள். ரிபு ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சற்று ஆட்டினான். டயரின் ஓரம் எங்கோ கடித்தது. வண்டி நேரானது. மேலே போனது.

உச்சியில் நிறுத்தி மறுபடி காற்றடித்தான். பம்பு கடகடவென்று கத்தியது. சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. கையில் ரப்பர் நாற்றம்தான் இருந்தது. துடைத்துக்கொண்டான்.

“பேரு ஏதும் யோசிச்சு வெச்சிருக்கீங்களாப்பா?” என்றாள் சுப்பாங் சன்னல் வழியாக.

“இல்ல.”

“அந்தப் பழைய பேரு?”

“அது அவனோட போச்சு.”

அவள் தலையாட்டினாள். “பசிக்குது” என்றாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த இலைப்பொதியைப் பிரித்து, சோற்றைப் பிட்டு அவனுக்கும் ஒரு பாதி நீட்டினாள். நின்றபடியே தின்றான். உப்பு கொஞ்சம் கூடத்தான். அதைச் சொன்னான்.

“இப்பதான் உங்களுக்கு நாக்கு இருக்கிறது தெரியுதா?” என்றாள் அவள்.

சாயங்காலம் அவளைச் சித்தி வீட்டில் இறக்கிவிட்டு, நட்டு முறுக்கக் கியோங் கடைக்குப் போனான். தௌக்கே வாசலிலேயே நின்றார். கூவவில்லை.

“மக வந்து சேந்தாச்சா?”

“சேந்தாச்சு.”

“சரி.” ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் குந்தினார். “நான் உங்கள என்ன பேரு சொல்லிக் கூப்பிடட்டும்?”

ரிபு சக்கர மூடியில் கத்தி கீறியிருந்த இடத்தைப் பார்த்தான்.

“ரிபு” என்றான். “இப்போதைக்கு.”