பதினோராவது ழ

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். வேறு யாராவது வந்து சொன்னால் நானும் "சும்மா கதை விடாதே" என்றுதான் சொல்வேன். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, எங்கள் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஸ்டுடியோவில் நடந்தது.

முப்பதாயிரம் பேர் படிக்கிற இடம் அது. நான் வானொலி, தொலைக்காட்சிப் படிப்பில் இரண்டாம் வருடம். பல்கலைக்கழக வானொலியில் காலைச் செய்தி வாசிக்க, வருடத்துக்கு ஒரே ஒரு மாணவரைத்தான் எடுப்பார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் வீட்டில் சண்டை போட்டு இந்தப் படிப்பிலேயே சேர்ந்தேன்.

குறுக்கே நின்றவள் என் அறைத்தோழி. வகுப்பில் அவளுக்கு 'வெங்கலம்' என்று பட்டப்பெயர். குரல் அப்படி. குரல்கூடப் பரவாயில்லை, அவளுடைய 'ழ'வைத்தான் என்னால் தாங்க முடியாது. மழை, வழி, ஏழு... அலட்டிக்கொள்ளாமல் சொல்வாள். எனக்கோ 'மளை'தான் வரும். இரண்டு வருடமாகக் கண்ணாடி முன் நின்று நாக்கை மடித்து மடித்துப் பார்த்தும் 'மளை'தான். ஊரிலிருந்து கூப்பிடும் என் அம்மாகூட, "முதல்ல வெங்கலத்துகிட்ட குடுடி, அவ பேசினா காதுக்கு நல்லா இருக்கு" என்பாள். வயிறு பற்றி எரியும். வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு போனைக் கொடுப்பேன்.

தேர்வுக்கு இரண்டு நிமிடச் செய்தி ஒன்று கொடுத்தார்கள். பதிவு செய்து ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தேறியவர்கள் திங்கட்கிழமை நேரில் வாசிக்க வேண்டும். அதை எழுதிய பேராசிரியர் வேண்டுமென்றே பதினோரு 'ழ' வைத்திருந்தார். நான் எண்ணியே பார்த்துவிட்டேன்.

வெங்கலம் மூன்றரைக்கே முடித்துவிட்டாள்.

"அக்கா ஆஸ்பத்திரியில இருக்காடி, நான் ஓடணும். என்னோடதையும் சேத்து அனுப்பிடுறியா?"

"அதுக்கென்ன, நீ போ."

துளி சந்தேகம் இல்லாமல் போனாள்.

மணி 4:02. என் பதிவையும் முடித்துவிட்டேன். உள்ளே நான் மட்டும். ஜன்னல் கிடையாது. சத்தம் புகாத கதவு. எதிரே கண்ணாடி, அதற்கு அப்பால் கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒரே இருட்டு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் பதிவைக் கேட்டேன். ஒரு பிசிறு இல்லை. பாவி, மூச்சு வாங்குவதுகூடத் தெரியவில்லை.

முதல் 'மழை' வந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினேன். 'ழ' இருந்த துளியை மட்டும் வெட்டினேன். போட்டுக் கேட்டேன். நாக்கு தடுக்கியது போல இருந்தது. வெட்டியது தெரியவே இல்லை. அடுத்தது. அதற்கடுத்தது. கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4:19. பத்து முடிந்தது.

டக்.

ஹெட்ஃபோனில்தான். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் நம்மிடம் பேசப் பொத்தானை அழுத்துவாரே... அந்தச் சத்தம்.

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் யாருமில்லை.

பிரமை என்று நினைத்தேன்...

டக்.

"ஒண்ணு விட்டுட்டே."

பெண் குரல். மெதுவாக.

"ஆறாவது வரி... 'கீழே'ன்னு வரும்."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஹெட்ஃபோனுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்...

"அதையும் வெட்டு."

என் கை மவுஸின் மேல் இருந்தது. சத்தியமாக நான் அழுத்தவில்லை.

க்ளிக்.

4:21.

ஓடினேன்.

வராந்தாவில் டெக்னீஷியன் அண்ணனைப் பிடித்து இழுத்து வந்தேன். "உள்ள இருந்து யாரோ பேசுறாங்கண்ணா." கட்டுப்பாட்டு அறை வெளியே பூட்டியிருந்தது. அவர் சாவியைத் தேடி எடுத்துத் திறந்து விளக்கைப் போட்டார். உள்ளே மேசைகூட இல்லை. வெறும் சுவர்.

"இங்க இருந்து எப்படிம்மா பேச முடியும்? மெஷினையெல்லாம் கழட்டி மாடிக்குக் கொண்டு போயி ரெண்டு வருஷமாச்சு."

ஸ்டுடியோவுக்குத் திரும்பி வெங்கலத்தின் பதிவைப் போட்டோம். முழுதாக இருந்தது. பதினோரு 'ழ'வும் இருந்தன. ஒரு வெட்டுக்கூட இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 4:50க்கு இருவருடையதையும் அனுப்பிவிட்டேன். அவளுக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை, யாருக்கும் எதுவும் தெரியாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை 10:00. இருவருமே தேறியிருந்தோம். முதலில் அவள்.

முதல் வரியிலேயே 'மழை'. 'ம' கேட்டது. 'ஐ' கேட்டது. நடுவில் வாய் அசைந்தது... சத்தம் இல்லை.

தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி வாசித்தாள். பதினோரு இடத்திலும் அப்படியே. கண்ணீர் வழிய என்னைப் பார்த்தாள்.

பிறகு நான் வாசித்தேன். பதினொன்றும் வந்தன. பிசகாமல். பேராசிரியர் கை தட்டினார்.

இடம் எனக்குத்தான். வெங்கலத்தின் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். அவள் இரண்டே வாரத்தில் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

என் முதல் செய்தி காலை 7:30க்கு. 7:41க்கு அம்மா கூப்பிட்டாள்.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன்டி. நல்லாதான் வாசிச்சே." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா மழை, வழின்னு வரும்போதெல்லாம் ஏன் வெங்கலம் வந்து சொல்லிட்டுப் போறா?"