அர்த்தம் எழுதிய நோட்டு

அந்த ஆபீசில் டீ கொடுக்கும் அக்காவுக்கு இங்கிலீஷ் சொலவடைகள் என்றால் ஒரு பைத்தியம். பதினாறு வருஷமாகத் தன் காதுபடவே பேசிச் சிரிக்கிறார்களே, அப்படி என்னதான் பேசித் தொலைக்கிறார்கள் என்ற ஆத்திரத்தில் பிடித்த பைத்தியம் அது. தினமும் டீயை வைத்துவிட்டு மேனேஜரிடம் ஒன்றுக்கு அர்த்தம் கேட்பாள். அவரும் பொழுது போகாமல் சொல்வார். மறக்காமல் நோட்டில் எழுதிவைப்பாள்.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மேனேஜர் அவளைக் கண்ணால் காட்டி, “டெட் வுட்” என்றார்.

“அதுக்கு என்ன அர்த்தம் சார்?”

வந்தவர் குனிந்து டீயைக் குடித்தார். மேனேஜர் வாய் கூசாமல் சொன்னார்: “ஆபீசுக்கே தூண் மாதிரின்னு அர்த்தம்க்கா.”

எங்கேயோ எழுதிய ஞாபகம் அவளுக்கு. டீ போடும் அறைக்குப் போய் நோட்டைப் புரட்டினாள். சொன்ன வாய் மறந்திருக்கலாம், நோட்டு மறக்குமா? போன வருஷம் அதே மனுஷன் சொன்னது அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘டெட் வுட். எதுக்கும் உதவாம இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிற ஆள். சீக்கிரம் கழிச்சுக் கட்டணும்.’

அன்றைக்கு உதாரணத்துக்கு அவர் ஜன்னல் வழியாக வயசான வாட்ச்மேனைக் காட்டினார். அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த மாதம் கேட்டில் வேறு ஆள் நின்றான்.